பொன்னுசாமி அவர்களின் உறவினர் வரவும்

ஆபீஸுக்குள்ள வேண்டாமுங்க, இந்த பேக்கரியிலயே உக்காந்துக்கலாம். உள்ள எங்க முதலாளி இருக்காரு, அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. ரெண்டு டீ சொல்லட்டுமுங்களா? உங்களுக்குச் சக்கரை இல்லாமயா? சரிங்க. தம்பி, ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை போடாம.

மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்னு சொன்னீங்க. உடுமலையில இருந்து இதுக்குன்னே கிளம்பி வந்திருக்கீங்க. பொண்ணு ஆஸ்பத்திரியில ஏதோ தப்புப் பண்ணி வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு, என்ன ஏதுன்னு விசாரிக்கணும், அவ்வளவுதானுங்களே? நியாயந்தானுங்க. எங்க வீட்டுக்குப் பொண்ணெடுத்தாலும் நாங்களும் விசாரிக்கத்தான் செய்வோம். அதுல ஒண்ணும் தப்பில்லை.

ஆனா என் பேரை உங்களுக்கு யாருங்க சொன்னது?

மேகலாவா? கல்யாணப் பொண்ணே சொல்லுச்சா? பூபதி சாரைக் கேளுங்கன்னா?

ம். சரிங்க.

டீ வரட்டும். சொல்றேன். இத்தனை மாசத்துல இதைப் பத்தி யாரும் என்னைக் கேட்டதில்லைங்க. அதை முதல்லயே சொல்லிர்றேன். ஒருத்தர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலை.

எங்க கம்பெனி என்ன பண்ணுதுன்னா, ஆஸ்பத்திரி, பேங்க்கு, இந்த மாதிரி இடத்துல நம்பர் ஓடற பலகையும் அதைக் கூப்பிடற குரலும் வெப்போம். 'டோக்கன் நம்பர் இருபத்தி மூணு, ரெண்டாம் கவுண்டருக்கு வரவும்'னு ஒரு அம்மா பேசும் பாருங்க, அதுதான். பல வருஷமா அது நம்பர் மட்டுந்தான் சொல்லிட்டு இருந்துச்சு. இங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு வேண்டாமுங்க, அவங்க ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய ஒரு கூடம் வெச்சிருக்காங்க. உள்ள ஆளை அறுத்துட்டு இருக்கும்போது வெளிய இருக்கற சொந்தக்காரங்களுக்கு நம்பர் எங்கீங்க ஞாபகம் இருக்கும்? அதனால பேரைச் சொல்லிக் கூப்பிடணும்னு கேட்டாங்க. அதுவும் நல்ல தமிழ்ல. 'இன்னார் அவர்களின் உறவினர் ஆலோசனை அறைக்கு வரவும்'னு.

எங்க பழைய புரோகிராம் சி-ங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதினது. கல்லு மாதிரி நிக்கும், ஆனா தமிழ் வராது. தமிழ் வாக்கியம் கோக்கறதுக்கு பைத்தான்னு இன்னொரு பாஷைதான் சுலபம். அதனால பழைய புரோகிராமுக்குள்ளயே பைத்தானைக் கொண்டு வந்து உக்கார வெச்சோம். வீட்டுக்குள்ள வாடகைக்கு ஆள் வெக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. ரெண்டுக்கும் பாஷை வேற. பைத்தான்ல இருக்கற பேரை சி-க்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கணும், சி சொல்றதைப் பைத்தானுக்கு மாத்தணும். அந்த நடுவுல இருக்கற வேலை என்னோடது. முழுக்க நான் எழுதினது. வேற யாரும் கை வெக்கலை.

அதுல எனக்கு ஒரு பெருமை இருந்துச்சுங்க, மறைக்க என்ன இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு இடம் போதும். நம்ம 'பொ'ங்கற ஒரு எழுத்துக்கு ஆறு இடம் வேணும். அது தெரியாம எழுதினா பேரு பாதியில வெட்டுப்படும். பொன்னுசாமி, பொன்னுச ஆயிரும். என் புரோகிராம்ல ஒரு பேரும் வெட்டுப்படலை. எவ்வளவு நீளமான பேரு குடுத்தாலும் கொம்பு, கால், புள்ளி ஒண்ணு சிதையாம வந்துச்சு. முதலாளி ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாரு.

எழுத்தையே பாத்துட்டு இருந்தேனுங்க. அந்தப் பேரு யாரோடதுங்கறதை விட்டுட்டேன்.

மேகலா அந்தக் கூடத்துக் கவுண்டர்ல இருந்துச்சு. தியேட்டர்ல இருந்து போன் வரும், யாரோட ஆளுங்க வரணும்னு. மேகலா திரையில அந்தப் பேரைப் பாத்து அழுத்தும். டிங் டாங்னு மணி அடிக்கும், அப்புறம் குரல் கூப்பிடும். அவ்வளவுதான் வேலை. ஆனா அந்தப் புள்ள அதோட நிறுத்தாது. யாராவது வயசானவங்க குரலைக் கேட்டு முழிச்சுட்டு நின்னா எந்திரிச்சுப் போயி அறை வரைக்கும் கொண்டு விட்டுட்டு வரும். நான் மெஷின் மாட்டப் போயிருந்தப்பவே பாத்திருக்கேன்.

அன்னைக்கு ரெண்டு பேருக்கு ஆபரேஷன். ஒருத்தர் பொன்னுசாமி. இன்னொருத்தர் அங்கமுத்து. பொன்னுசாமிக்கு இதயத்துல. அங்கமுத்துக்கு வயித்துல. பொன்னுசாமி உள்ளயே தவறிட்டாரு. தியேட்டர்ல இருந்து போன் வந்துச்சு, பொன்னுசாமியோட ஆளுங்களை அனுப்பச் சொல்லி. மேகலா பேரை அழுத்துச்சு. மணி அடிச்சுது. குரல் சொல்லுச்சு, 'அங்கமுத்து அவர்களின் உறவினர் ஆலோசனை அறைக்கு வரவும்'னு.

அந்த நேரம் பாத்து மேகலா கூடத்துலயே இல்லை. பேரை அழுத்தின கையோட இன்னொரு போனை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு, யாருக்கோ ரத்தம் வேணும்னு.

அங்கமுத்தோட சம்சாரம் பாவாத்தாளும், அவரு தம்பி நாச்சிமுத்தும் போனாங்க. டாக்டர் மணிக்கணக்கா நின்னு ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவரு. பேரைக் கேக்கலை. கூப்பிட்டவங்கதானே வந்திருப்பாங்கன்னு சொல்லிட்டாரு. எங்களால முடிஞ்ச வரைக்கும் பாத்தோம், காப்பாத்த முடியலைன்னு.

அரை மணி நேரமுங்க. அரை மணி நேரம் அந்தம்மா தாலியறுத்தவளா இருந்திருக்கு. அப்புறம் ஒரு நர்ஸ் வந்து, அங்கமுத்து கண்ணு முழிச்சுட்டாரு, தண்ணி கேக்கறாருன்னு சொன்னப்பதான் தெரிஞ்சுது.

ஆளு உசுரோட வந்துட்டாரு, அப்புறம் என்னன்னு தோணுதுங்களா? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. முதலாளியும் அதைத்தான் சொன்னாரு, நல்ல சேதியாத்தானே முடிஞ்சுதுன்னு.

ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில இருந்து என்னைக் கூப்பிட்டாங்க. நிர்வாகம் பாக்கற வசந்தகுமாரி மேடம் ரூம்ல நாச்சிமுத்து உக்காந்திருந்தாரு. சத்தமெல்லாம் போடலை. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க.

"அண்ணன் பொழைச்சுக்கிட்டாரு, அது போதும்னுதான் நானும் நெனைச்சேன்"னாரு. "ஆனா அண்ணி அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னாங்க. நான் தோட்டத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அண்ணனை இங்க இழுத்துட்டு வந்து அறுக்கக் குடுத்தேன்னு. அப்புறம் என் கையைப் பிடிச்சுட்டு அழுதாங்க, தெரியாமச் சொல்லிட்டேன் தம்பின்னு. தெரியாமச் சொல்ற சொல்லு எங்கிருந்துங்க வரும்? உள்ள இருந்ததுதானே வந்துச்சு. இனி அந்த வீட்டுல நான் எப்படிக் கையை நனைப்பேன்?"

அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "அந்தப் பேரை அழுத்தினது யாரு? அவங்க மூஞ்சியைப் பாக்கணும்."

மேடம் மேகலாவைக் கூப்பிட்டாங்க. அந்தப் புள்ள வந்து நின்னுச்சு. நாச்சிமுத்து அதைப் பாத்தாரு. பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

மேகலா, "நான் பொன்னுசாமின்னுதான் அழுத்தினேன் மேடம்"னுச்சு. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"ன்னு கேட்டுச்சு.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் சொன்னேன், "மெஷின் தானாப் பேரை மாத்தாதுங்க. எதுக்கும் பாத்துச் சொல்றேன்."

எதுக்கும் பாத்துச் சொல்றேன்னும் சொன்னேன். அதைக் கவனிச்சுக்குங்க. மேடம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அந்த நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன். பொய் சொல்லலை.

ஆபீஸுக்கு வந்து மெஷினை மேஜை மேல வெச்சு உக்காந்தேன். பொன்னுசாமியை அழுத்துவேன், மணி அடிக்கும், பொன்னுசாமின்னு சொல்லும். மறுபடி அழுத்துவேன். பொன்னுசாமி. மறுநாளும் அதே வேலை. மேகலாவோட கைத்தப்புதான்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். அப்ப ஒரு தடவை, பொன்னுசாமியை அழுத்தினேன், மணி அடிச்சுது, அந்த அம்மா குரல் அதே இனிமையா அங்கமுத்துன்னுச்சு.

உங்ககிட்ட உண்மையைச் சொல்றதுன்னு ஆயிருச்சு, சொல்றேன். முதல்ல எனக்கு வந்தது சந்தோஷமுங்க. பிடிச்சுட்டேன்னு ஒரு சந்தோஷம். மேகலா ஞாபகம் அதுக்கப்புறந்தான் வந்துச்சு.

என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? சுலபந்தானுங்க. பைத்தான்கிட்டப் பேரைக் கேட்டா அது பேரை எழுத்தெழுத்தா மாத்தி ஒரு இடத்துல வெச்சுட்டு, இந்த இடத்துல இருக்குன்னு சி-க்குச் சொல்லும். இடத்தைத்தான் சொல்லும். அந்த இடம் பைத்தானுக்குச் சொந்தம். தனக்கு வேலை முடிஞ்சா அதைக் காலி பண்ணி வேற எதையாவது அங்க வெச்சுக்கும். அதனால சி உடனே அதைப் பாத்து தனக்குன்னு ஒரு நகல் எழுதி வெச்சுக்கணும். நான் நகல் எடுக்கலை. இடத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டேன். லாட்ஜ்ல பதினாறாம் நம்பர் ரூம்ல நம்ம ஆளு இருக்காருன்னு குறிச்சு வெச்சுட்டு, ஆளு காலி பண்ணினப்புறம் போயிக் கதவைத் தட்டினா எவனோ ஒருத்தன் வந்து நிப்பான் பாருங்க, அந்தக் கதைதான்.

மணி அடிக்கற அந்த ரெண்டு மூணு நொடியில, திரையில இருக்கற பேரெல்லாம் புதுசா மாறும். எப்பவாவது பைத்தான் இடத்தைக் காலி பண்றதும் இதுவும் ஒண்ணா வந்துரும். பொன்னுசாமி இருந்த இடத்துல அங்கமுத்து வந்து உக்காந்துருச்சு. மெஷின் கணக்குல ரெண்டு பேரும் ஒரே நீளம். இடம் கச்சிதமாப் பொருந்திருச்சு.

ஒரு வரிங்க. மணியடிக்கறதுக்கு முன்னால பேரை நகல் எடுத்து வெக்கறதுக்கு ஒரு வரி. அன்னைக்கே எழுதிட்டேன்.

எழுதிட்டு முதலாளிகிட்டப் போனேன். அவரு கேட்டதும் எந்திரிச்சுக் கதவைச் சாத்தினாரு.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"இனிமே வராதில்ல?"

"வராது சார்."

"அப்ப முடிஞ்சுது பூபதி. மாசாமாசம் போடற அப்டேட்டோட சேத்துப் போட்டுரு. அவங்களா வந்து கேட்டா நான் பேசிக்கறேன். நீ பேசாதே."

"அந்தப் புள்ள மேல..."

"அந்தப் புள்ளைக்கு வேற வேலை கிடைக்கும். இது நாம செஞ்சதுன்னு வெளிய வந்தா இங்க இருக்கற பதினஞ்சு பேருக்கு எங்க வேலை கிடைக்கும், சொல்லு."

என் பொண்ணுக்கு ஸ்கூல் பீஸ், வீட்டு லோன், எல்லாருக்கும் இருக்கறதுதான். நானே ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் புது வரியை ஏத்திட்டு வந்தேன். கவுண்டர்ல வேற ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. மேகலா எங்கன்னு கேட்டேன். நேத்தே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க சார்னுச்சு. கவனக்குறைவுன்னு எழுதி.

ஒரு நாள் சிங்காநல்லூர் ஸ்டாப்ல அந்தப் புள்ளையைப் பாத்தேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்துச்சு. எதோ இன்டர்வியூக்குப் போயிட்டு வந்திருக்கும்போல. நான் வண்டியைச் சந்துக்குள்ள திருப்பி வேற வழியாப் போயிட்டேன்.

ஆனா சும்மா இருந்துரலைங்க. என் சிநேகிதன் ஒருத்தன் பீளமேட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். அவன்கிட்டச் சொல்லி, அவனாக் கூப்பிடற மாதிரி மேகலாவைக் கூப்பிடச் சொன்னேன். நல்ல சம்பளம் குடுக்கச் சொன்னேன். அது வரலைன்னுருச்சு. என்ன காரணம்னே தெரியலை. நம்ம கையில இருந்ததைச் செஞ்சோம்.

என்னங்க? எதைக் கேக்கறீங்க?

'உங்களுக்குத் தெரியுமில்லீங்களா'ன்னு எதுக்குக் கேட்டுச்சா?

அது... மெஷின் வெச்சவன் நான்தானுங்களே, அதனால கேட்டிருக்கும்.

டீ ஆறிப்போச்சு. இன்னொண்ணு சொல்லட்டுமா? வேண்டாமா.

சரிங்க. மேகலா அதையும் சொல்லுச்சா, இல்லை நீங்களாக் கேக்கறீங்களா? நீங்களாவா. நீங்க ரொம்பக் கவனமாக் கேக்கறீங்க.

பொன்னுசாமி தவறினதுக்கு முந்தின வாரம் ஒரு தடவை எனக்குப் போன் பண்ணுச்சுங்க. நான் வண்டியில போயிட்டு இருந்தேன், ஓரமா நிறுத்திப் பேசினேன். "சார், இன்னைக்கு நான் ஒரு பேரை அழுத்தினேன், அது வேற பேரைக் கூப்பிட்டுச்சு. ஒரே ஒரு தடவைதான். அவங்களை நானே தேடிப் போயிச் சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகலை. ஆனா எனக்குப் பயமா இருக்கு சார், வந்து பாருங்க"ன்னுச்சு.

நான், "அப்படியெல்லாம் ஆகாதும்மா, பட்டன் பக்கத்து வரியில பட்டிருக்கும், கவனமா அழுத்து"ன்னேன்.

அப்புறம், "சரிங்க சார்"னு வெச்சுருச்சு.

நம்ம புரோகிராமைப் பத்தி ஒருத்தர் குறை சொன்னா முதல்ல நம்ப மாட்டோமுங்க. உங்க வீட்டுப் பையனைப் பத்தி ஒருத்தர் வந்து சொன்னா நம்புவீங்களா? அது மாதிரிதான். அதுவும் ஒரே ஒரு தடவை ஆச்சுன்னு சொன்னா. வந்து பாத்திருந்தாலும் பிடிச்சிருப்பேனான்னு தெரியாது. பிடிச்சிருக்கவும் மாட்டேன். பிடிச்சும் இருப்பேன். ரெண்டு நாள் உக்காந்தா பிடிபட்டுச்சே.

அன்னைக்கு மேடம் ரூம்ல அதைத்தான் கேட்டுச்சு, 'உங்களுக்குத் தெரியுமில்லீங்களா'ன்னு. நான் சொல்லணும்னு காத்துட்டு இருந்துச்சு. 'ஆமா, இந்தப் பொண்ணு முன்னாடியே எனக்குப் போன் பண்ணுச்சு'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு மெஷினைக்கூடப் பிரிச்சுப் பாத்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான் அது.

இப்ப சொன்னதும்தானுங்க எனக்கே... பொய் சொல்லலைன்னு உங்ககிட்ட இப்பத்தானே சொன்னேன்.

டம்ளரை ஓரமாத் தள்ளி வெக்கறீங்க.

எங்க மெஷினைப் பத்தித் தப்பா நினைச்சுக்காதீங்க, இப்ப அது சரியா ஓடுது. மேகலா நல்ல புள்ளைங்க. கவனமான புள்ள. தாராளமா முடிங்க. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாருன்னு உங்க அக்காகிட்டச் சொல்லுங்க. என் பேரு அவசியமில்லை பாருங்க. எழுதி வாங்கறதெல்லாம் வேண்டாம், வாய் வார்த்தை போதும்.

அப்படீங்களா?

உங்க வீட்டுல முன்னாடியே சம்மதம் சொல்லியாச்சா? அப்ப எதுக்குங்க இவ்வளவு தூரம்?

மேகலா கேட்டுக்கிச்சா. 'நான் சரின்னு சொல்றதுக்கு முன்னால உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் அவரைப் போயிக் கேக்கணும்'னு. 'நான் சொன்னா என் பக்கத்து நியாயம்னு ஆகும். அவரு கேட்டா மறைக்க மாட்டாரு, நல்ல மனுஷன்'னு. அப்படியா சொல்லுச்சு. நல்ல மனுஷன்னு.

இருங்க. கண்ணுல தூசி விழுந்துருச்சு. இந்த ரோட்டுல எப்பவும் பள்ளம் தோண்டிப் போட்டிருப்பானுங்க.

சொல்லுங்க.

யாரு, பொன்னுசாமி வீட்டாளுங்களா?

தெரியலைங்க. அவங்க... அவங்களும் அந்தக் கூடத்துலதான் இருந்திருப்பாங்க. யார் யாரு வந்திருந்தாங்கன்னு தெரியாது. அவங்க யாரும் புகார் குடுக்க வரலை.

மேகலா சொல்லுச்சா. சொல்லுங்க, கேக்கறேன்.

மகளா. தனியாவா வந்திருந்துச்சு.

ஆரஞ்சு உரிச்சு வெச்சுட்டு இருந்துச்சா. அப்பா கண்ணு முழிச்சதும் குடுக்கலாம்னு.

அந்த அரை மணி நேரமும் பலகையில 'பொன்னுசாமி, சிகிச்சை நடைபெறுகிறது'ன்னே ஓடிட்டு இருந்துச்சா. அங்கமுத்து விஷயம் தெரிஞ்சு எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினப்ப, மேகலாதான் அந்தப் பொண்ணுகிட்டப் போயி உக்காந்துச்சா. திரும்பவும் மெஷின்ல அழுத்தலையா. அதுவே வாயால சொல்லுச்சா.

பத்தாம் நாள் காரியத்துக்கும் போயிட்டு வந்துச்சா. வேலை போனதுக்கப்புறமா?

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலைங்களே.

ஆமா. சரியாத்தான் சொல்றீங்க. நான் கேக்கலை. செத்தது பொன்னுசாமின்னு எத்தனை தடவை என் வாயால சொல்லியிருப்பேன். மெஷினைச் சோதிக்கறப்ப அவரு பேரைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தினேன். அவருக்குப் பொண்ணு இருக்கா, பையன் இருக்கான்னு ஒரு நாளும் எனக்குத் தோணலை.

மணி என்னங்க? ஒண்ணா?

வசந்தகுமாரி மேடம் சனிக்கிழமைன்னா ரெண்டு வரைக்கும்தான் இருப்பாங்க. இன்னைக்குப் போனாலும் இருப்பாங்களோ என்னமோ. திங்கக்கிழமைன்னா நிதானமாப் பேசலாம். முதலாளிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு...

இல்லீங்க. முதலாளிகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். வேலை போனாப் போகட்டும்னு பெருசாப் பேச மாட்டேன், போனா எனக்குக் கஷ்டந்தான். எங்க வீட்டுக்காரிக்கு இதெல்லாம் தெரியாது. அவகிட்ட வேற சொல்லணும்.

எவ்வளவு ஆச்சு தம்பி? இந்தா. நீங்க விடுங்க, நான் குடுக்கறேன்.

உங்களுக்குச் சிரமமில்லைன்னா ஒரு உதவிங்க. என் வண்டி அதோ நிக்குது. பின்னால உக்காந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட வாங்க. உள்ள வர வேண்டாம், அங்க நான் பேசிக்கறேன். தனியாக் கிளம்பினேன்னா பாதி வழியில வண்டியைத் திருப்பிருவேனுங்க.